பெயர் சொல்லாத பெறுநர்: மைசூர் அஞ்சே முதல் மின்னஞ்சல் மறைநகல் வரை

மைசூர் அரசின் பழைய தபாலைப் பற்றி மிகக் கடுமையாக எழுதியவர், அதே மைசூரில் ஆங்கிலேயரின் ரெசிடெண்டாக உட்கார்ந்திருந்த கர்னல் மார்க் வில்க்ஸ். 1810இல் வெளிவரத் தொடங்கிய அவருடைய தென்னிந்திய வரலாற்று நூல், மைசூர் மன்னர் சிக்க தேவராஜ உடையார் ஏற்படுத்திய 'அஞ்சே' என்னும் தபாலின் வேலை செய்தியைக் கொண்டுபோவது மட்டுமல்ல, செய்தியைத் திரட்டுவதும்தான் என்கிறது. தபால் அதிகாரிகள் அரண்மனையின் அந்தரங்க ஆட்கள். அவர்களுக்குக் கீழே இருந்தவர்கள் ஒற்றுவேலையே தொழிலாகக் கொண்டவர்கள். தங்கள் வட்டாரத்தில் மறைவாக நடப்பதையெல்லாம் தலைநகருக்கு ஒழுங்காக எழுதி அனுப்பினார்கள். ஹைதர் அலி காலத்தில் இந்த ஏற்பாடு இன்னும் கூர்மையாகிக் கொடுங்கோன்மையின் கருவியானது என்கிறார் வில்க்ஸ்.

ஆங்கிலேயர் சொன்னது என்பதால் கொஞ்சம் சந்தேகத்தோடே இதை எடுத்துக்கொள்ள வேண்டும். தபாலைப் பிரித்துப் பார்க்கும் பழக்கத்தில் கம்பெனியாரும் பிரிட்டிஷ் அரசும் யாருக்கும் இளைத்தவர்கள் அல்லர். 1898இல் வந்த இந்திய அஞ்சலகச் சட்டத்தின் 26ஆம் பிரிவு, அவசரநிலை, பொதுப் பாதுகாப்பு என்ற பெயரில் கடிதங்களை இடைமறிக்க அரசுக்கு அதிகாரம் தந்தது. சுதந்திரம் வந்து முக்கால் நூற்றாண்டு கழித்து அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டு 2023இல் கொண்டுவந்த புதிய சட்டத்திலும் அந்த அதிகாரம் 9ஆம் பிரிவாக உட்கார்ந்திருக்கிறது.

ஆனாலும் வில்க்ஸ் சுட்டிக்காட்டிய ஒரு நுட்பத்தை மறுக்க முடியாது. கடிதத்தில் பெயர் எழுதியிருப்பவர்கள் ஒரு பட்டியல். செய்தி உண்மையில் போய்ச் சேர்பவர்கள் இன்னொரு பட்டியல். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. முதல் பட்டியலில் இல்லாமல் இரண்டாவதில் மட்டும் இருக்கும் ஆள்தான் இந்தக் கட்டுரையின் நாயகர். இன்று மின்னஞ்சலில் 'பிசிசி' என்ற கட்டத்துக்குள் அவர் பெயரைத் தட்டச்சு செய்கிறோம். தமிழில் மறைநகல். அந்தக் கட்டத்தை நிரப்பி அனுப்பு பொத்தானை அழுத்தியதும் மென்பொருள் என்ன செய்கிறது? ஐம்பது ஆண்டுகளாக இதற்கு ஒரே பதில் இல்லை. ஏன் இல்லை என்று பார்க்க மைசூரை ஒரு சுற்றுச் சுற்றி வருவது உதவும்.

மைசூரில்தான் அர்த்தசாஸ்திரம் மறுபடி வெளிச்சத்துக்கு வந்தது. 1891இல் தொடங்கிய கீழ்த்திசை நூலகத்தில் தஞ்சாவூர் மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்த ஓலைச்சுவடியை நூலகர் ஆர். சாமசாஸ்திரி 1905இல் அடையாளம் கண்டார். 1909இல் மூலத்தையும் 1915இல் ஆங்கில மொழிபெயர்ப்பையும் வெளியிட்டார். அதுவரை பேர் மட்டும் தெரிந்த நூல், கிரந்த எழுத்தில் தஞ்சைப் பக்கத்து வீடு ஒன்றில் கிடந்திருக்கிறது.

அந்த நூலின் முதல் அதிகரணத்தில் ஒற்றர் ஏற்பாட்டைச் சொல்லும்போது கௌடில்யர் ஒரு விதி வைக்கிறார். நிலையாக ஓரிடத்தில் இருக்கும் ஒற்றர்களும் ஊர் ஊராகத் திரியும் ஒற்றர்களும் ஒருவரை ஒருவர் அறிந்திருக்கக் கூடாது. செய்தி குறிகளாலும் மறையெழுத்தாலும் போக வேண்டும். மூன்று பேரின் அறிக்கை ஒத்துப்போனால் நம்பலாம். அந்த மூவருக்கும் மற்ற இருவர் இருப்பது தெரியாது என்பதால்தான் அந்த ஒப்புதலுக்கு மதிப்பு. இரண்டாம் அதிகரணத்தில் அரச ஓலைகளின் வகைகளைப் பட்டியலிடும்போது எல்லா ஊருக்கும் பொதுவாகப் போகும் சுற்றோலைக்குத் தனிப் பெயரே கொடுத்திருக்கிறார். எல்லாருக்கும் தெரிந்து எல்லாருக்கும் போவது ஒன்று. யாருக்கும் யாரும் தெரியாமல் பலருக்குப் போவது இன்னொன்று. அலுவலகக் கடிதத்தின் இரண்டு முனைகளையும் அவர் பார்த்துவிட்டார்.

விதி இருப்பது வேறு, அதைக் கடைப்பிடிப்பவர் கையில் கடிதம் இருப்பது வேறு. இதற்கு மைசூர் கொடுத்த விலை பெரிது.

1797 கடைசியில் திப்பு சுல்தான் மொரீஷியஸ் தீவுக்கு, அன்றைய பிரெஞ்சுக்காரர்களின் ஈல் த பிரான்ஸுக்கு, இரண்டு தூதர்களை அனுப்பினார். வணிகர் வேடம். பிரெஞ்சுப் படை உதவி கேட்பது உள்நோக்கம். காதும் காதும் வைத்தாற்போல் முடிய வேண்டிய காரியம் அது. 1798 ஜனவரியில் தூதர்கள் போர்ட் லூயிஸில் இறங்கியதும் ஆளுநர் மலார்த்திக் அவர்களை அரசு மரியாதையோடு பகிரங்கமாக வரவேற்றார். அதோடு நிற்கவில்லை. ஆங்கிலேயரை இந்தியாவிலிருந்து துரத்தத் திப்பு நம் உதவியை நாடுகிறார், தொண்டர்களாகச் சேர விரும்புபவர்கள் வரலாம் என்று ஜனவரி 30 தேதியிட்டு ஒரு பிரகடனத்தையும் வெளியிட்டார். சேர்ந்தவர்கள் ஏறத்தாழ நூறு பேர். ஏப்ரலில் அவர்கள் மங்களூரில் வந்து இறங்கினார்கள்.

ஆட்களை விடப் பிரகடனம் அதிக தூரம் போனது. ஜூன் மாதம் கல்கத்தாச் செய்தித்தாளில் அது அச்சாகியிருந்தது. அதற்கு முந்தைய மாதம்தான் கவர்னர் ஜெனரலாக வந்து இறங்கியிருந்த மார்னிங்டன் பிரபு, பின்னாளில் வெல்லெஸ்லி என்று அறியப்பட்டவர், அதைக் கையில் எடுத்துக்கொண்டார். திப்பு மீது போர் தொடுக்க அவருக்குத் தேவைப்பட்ட காரணத்தை மலார்த்திக்கே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது, திப்பு போரில் மாண்டார். மறைவாக அனுப்பியதைப் பெற்றவர் எல்லாருக்கும் பதில் போட்ட கதை இது. இன்று அலுவலகங்களில் 'ரிப்ளை ஆல்' என்று தலையில் அடித்துக்கொள்கிறார்களே, அதன் மைசூர்ப் பதிப்பு.

இதற்கு ஒரு பின்குறிப்பும் உண்டு. 1799 ஜனவரியில் கெய்ரோவிலிருந்து நெப்போலியன் திப்புவுக்கு எழுதிய கடிதம் செங்கடல் பக்கத்திலேயே ஆங்கிலேயர் கையில் சிக்கியது. ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அது வரவே இல்லை. அரண்மனையில் கிடைத்த திப்புவின் பாரசீகக் கடிதங்கள் பலவற்றை வில்லியம் கிர்க்பாட்ரிக் ஆங்கிலத்தில் பெயர்த்து 1811இல் அச்சிட்டார். அதிகாரிகளுக்கும் படைத்தலைவர்களுக்கும் திப்பு தனியாக எழுதியவற்றைக் கடைசியில் லண்டன் வாசகர்கள் படித்தார்கள். நம் வில்க்ஸ் துரையோ மைசூரை விட்டுப் போய்ப் பிற்பாடு செயின்ட் ஹெலினா தீவின் ஆளுநரானார். 1815 அக்டோபரில் நெப்போலியன் கைதியாகக் கொண்டுவரப்பட்டபோது அந்தப் பதவியில் இருந்தவர் அவரேதான். இருவரும் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள்.

திப்புவுக்குப் பிறகும் மைசூரின் அஞ்சே தனித் துறையாக ஓடியது. ஆங்கிலேயர் நேரடியாக ஆண்ட 1831 முதல் 1881 வரையிலான ஐம்பது ஆண்டுகளிலும் ஓடியது. கடைசியில் 1889இல் அதை ஏகாதிபத்தியத் தபாலோடு இணைத்தார்கள். அப்போது திவான் சர் கே. சேஷாத்ரி ஐயர், பாலக்காட்டுத் தமிழர். பக்கத்துத் திருவிதாங்கூர் தன் அஞ்சலை அவ்வளவு எளிதில் விடவில்லை, 1951 வரை வைத்திருந்தது.

அதே காலத்தில் கச்சேரிகளுக்குள் நகலெடுப்பது தொழிலாக மாறிக்கொண்டிருந்தது. குமாஸ்தா உட்கார்ந்து கையால் பெயர்த்தெழுதும் வரை ஒவ்வொரு நகலும் தனிக் கடிதம்தான். யாருக்கு எழுதினோம் என்பதைக் குமாஸ்தாவும் துரையும் மட்டும் அறிவார்கள். ஜேம்ஸ் வாட் 1780இல் காப்புரிமை வாங்கிய நகல் அச்சு ஈரத் தாளில் மை ஒற்றியெடுத்தது. ரால்ஃப் வெட்ஜ்வுட் 1806இல் கரித்தாளுக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் கரித்தாளின் யோகம் திறந்தது 1870களில் தட்டச்சு இயந்திரம் விற்பனைக்கு வந்த பிறகுதான். இறகுப் பேனாவால் கொடுக்க முடியாத அழுத்தத்தை எழுத்துச் சுத்தியல் கொடுத்தது. ஒரே அடியில் நான்கைந்து தாள்.

தட்டச்சு நிலையங்களில் லோயர், ஹயர் என்று தேறிய தலைமுறைக்கு இதன் உட்கூறு தெரியும். மேலே வெள்ளைத் தாள், கீழே கார்பன், அதன்கீழ் மெல்லிய தாள், மறுபடி கார்பன். உருளையில் சுற்றும்போது தாள்கள் நழுவாமல் தட்டிச் சேர்க்க வேண்டும். பிழை வந்தால் ஒவ்வொரு நகலிலும் தனித்தனியாக அழிக்க வேண்டும். அரசுக் கடிதம் என்றால் ந.க. எண், பார்வை, பெறுநர், அடியில் நகல் பெறுவோர் வரிசை, கடைசியில் இருப்புக் கோப்பு, உதிரி நகல். நகல் வரிசையில் யார் பெயருக்கு மேல் யார் பெயர் என்பதில் ஒரு அலுவலகத்தின் அரசியலே அடங்கியிருக்கும்.

அந்த வரிசையில் பெயர் தெரியக்கூடாத ஒருவருக்கும் நகல் போக வேண்டுமானால்? செயலர்களுக்கான பழைய கையேடுகள் இதற்கு வழி சொல்கின்றன. கடிதத்தை முழுக்க அடித்து முடித்ததும் மூலத்தையும் வெளிப்படை நகல்களையும் உருவிவிட வேண்டும். மறைவாகப் போகும் நகலையும் அலுவலக நகலையும் மட்டும் திரும்பச் சுற்றி, அவற்றில் மட்டும் அந்தப் பெயரை அடிக்க வேண்டும். தாள்களை உருவினால் மறுபடி ஒழுங்கில் சேராது என்று பயப்படும் தட்டச்சர், மூலத்தின் அந்த இடத்தில் ஒரு துண்டுக் காகிதத்தைச் செருகிக்கொண்டு அடிப்பார். மேலே துண்டில் விழும் எழுத்து, கார்பன் வழியாகக் கீழே இறங்கிவிடும்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. மறைநகல் பெறுபவர் கையிலிருக்கும் தாளிலேயே அது மறைநகல் என்ற குறிப்பு இருந்தது. தாம் ஒளிந்துகொண்டிருக்கிறோம் என்பது அவருக்குத் தெரியும். எனவே வாயைத் திறக்கமாட்டார். அலுவலகக் கோப்பிலும் பதிவு இருந்தது. கரித்தாள் காலத்தின் இந்த நாகரிகத்தைத்தான் கணினி பாதி மறந்தது.

1977 நவம்பரில் அமெரிக்காவின் அர்பாநெட் வலையமைப்பில் கடிதங்களின் வடிவத்தை ஒழுங்குபடுத்தும் ஆவணம் ஒன்று வெளிவந்தது. ஆர்எஃப்சி 733 என்பது அதன் எண். டேவிட் கிராக்கர், ஜான் விட்டல், கென்னத் போக்ரன், ஆஸ்டின் ஹெண்டர்சன் ஆகிய நால்வர் எழுதியது. பெறுநர், நகல், மறைநகல் ஆகிய மூன்று வரிகளும் அதில் இருக்கின்றன. மறைநகல் வரியில் இருப்பவர்களை மூன்றாம் நிலைப் பெறுநர் என்று அது வகைப்படுத்தியது. முதல் இரு நிலையினருக்கு அந்த வரி தெரியக்கூடாது என்றது. அதற்கு மேல் கறாராகப் பேசவில்லை. சில மென்பொருள்கள் எழுதியவரின் பிரதியில் மட்டும் அந்த வரியை வைத்துக்கொள்ளலாம், வேறு சில மறைநகல் பெறும் எல்லாருக்கும் காட்டலாம் என்று விட்டுவிட்டது. 1982இல் கிராக்கர் திருத்தி எழுதிய ஆர்எஃப்சி 822ம் அதே நெகிழ்வைத் தொடர்ந்தது.

அதே 1982 ஆகஸ்டில் ஜான் போஸ்டல் எழுதிய இன்னொரு ஆவணம், கடிதம் ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்கு எப்படிக் கைமாற வேண்டும் என்பதை வரையறுத்தது. எஸ்எம்டிபி என்று இன்றும் ஓடுவது அதுதான். அனுப்பும் கணினி முதலில் யாரிடமிருந்து என்று சொல்லும். பிறகு யாருக்கு என்று ஒவ்வொரு முகவரியாகச் சொல்லும். இவை கடிதத்தின் பகுதியல்ல, உறையின் மேலே எழுதுவது. அதற்குப் பிறகே கடிதத்தை நீட்டும். உள்ளே பெறுநர் என்று எந்தப் பெயர் இருந்தாலும் தபால்காரருக்குக் கவலையில்லை. அவர் பார்ப்பது உறையை மட்டும்.

மறைநகலின் சூட்சுமம் முழுவதும் இவ்வளவுதான். மறைவாக ஒருவருக்கு அனுப்பத் தனி இயந்திரம் எதுவும் கிடையாது. அவர் முகவரியை உறையில் எழுதிவிட்டுக் கடிதத்துக்குள் எழுதாமல் விட்டால் போதும். சிக்கல் எங்கே வருகிறதென்றால், அனுப்புபவர் தட்டச்சு செய்வது கடிதத்துக்குள் இருக்கும் ஒரு கட்டத்தில். அந்தக் கட்டத்திலிருந்து முகவரியை எடுத்து உறைக்கு மாற்றிவிட்டு, கட்டத்தை அழிக்க வேண்டியது யார்? கடிதம் எழுத உதவும் மென்பொருளா, கொண்டுபோகும் மென்பொருளா?

பீட்டர் ரெஸ்னிக் தொகுத்து 2001இல் வெளியான ஆர்எஃப்சி 2822, அதன்பின் 2008 அக்டோபரில் வந்து இன்றும் புழங்கும் ஆர்எஃப்சி 5322, இரண்டும் மூன்று வழிகளை அடையாளம் காட்டின. மறைநகல் வரியை எல்லாப் பிரதியிலிருந்தும் துடைத்துவிடுவது ஒரு வழி. மற்றவர்களுக்குத் துடைத்து அனுப்பி, மறைநகல் பெறுபவருக்கு மட்டும் அந்த வரியோடு அனுப்புவது இரண்டாவது. இதிலும் மறைந்திருப்பவர்கள் அத்தனை பேரையும் காட்டலாம், அல்லது அவரவர் பெயரை அவரவருக்கு மட்டும் காட்டலாம். மூன்றாவது வழி விசித்திரமானது. வரியை வெறுமையாக விட்டு எல்லாருக்கும் அனுப்புவது. யாரோ ஒளிந்திருக்கிறார் என்பது தெரியும், யார் என்பது தெரியாது. கௌடில்யரே இதைப் பார்த்திருந்தால் புன்னகைத்திருப்பார்.

மூன்றுக்கும் அனுமதி உண்டு என்றதும் ஒவ்வொரு மென்பொருளும் தன் வழியில் போனது. எரிக் ஆல்மன் எழுதிய சென்ட்மெயில் 1980களில் பல்கலைக்கழக யுனிக்ஸ் கணினிகளில் தபால் வேலையை ஏறத்தாழ முழுதுமாக எடுத்துக்கொண்டது. மறைநகல் வரியை அது ஒழுங்காகத் துடைத்தது. ஆனால் ஒரு கடிதத்தில் மறைநகல் பெறுநர்கள் மட்டுமே இருந்தால்? துடைத்தபின் பெறுநர் வரியே மிஞ்சாது. குறைந்தது ஒரு பெறுநர் வரியாவது வேண்டும் என்பது ஆர்எஃப்சி 822இன் விதி. விதியைக் காப்பாற்றப் பழைய சென்ட்மெயில், 'பார்த்தால் இவர்களுக்குப் போலிருக்கிறது' என்ற பொருளில் 'அப்பேரன்ட்லி டூ' என்ற வரியைத் தானாகச் சேர்த்து, உறையில் இருந்த முகவரிகளை அதில் எழுதிவிட்டது. ஒரு கதவைப் பூட்டிவிட்டு அடுத்த கதவில் பெயர்ப்பலகை மாட்டிய வேலை. பின்னால் வந்த பதிப்புகளில் என்ன செய்வது என்பதை நிர்வாகியே தீர்மானிக்க ஒரு விருப்பத் தேர்வு வந்தது. 'வெளியிடப்படாத பெறுநர்கள்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் இன்றும் பல கடிதங்களின் தலைமாட்டில் நிற்கும் சொற்றொடர் அந்தத் தேர்வுகளில் ஒன்று.

இன்னொரு சண்டை இதைவிட நுட்பமானது. 1995இல் மைக்கேல் எல்கின்ஸ் எழுதத் தொடங்கிய மட் என்னும் கடித மென்பொருள், மறைநகல் வரியை அப்படியே வைத்துத் தபால் மென்பொருளிடம் கொடுத்தது. சென்ட்மெயில் எப்படியும் துடைத்துவிடும் என்ற நம்பிக்கை. அதே 1995இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பிலிப் ஹேசல் எக்ஸிம் என்ற தபால் மென்பொருளை எழுதினார். கடிதத்துக்குள் கைவைப்பது தபால்காரர் வேலையல்ல என்பது எக்ஸிமின் கொள்கை. பெறுநர் பட்டியலைக் கடிதத்திலிருந்தே எடுத்துக்கொள் என்று கேட்டால் மட்டும் மறைநகல் வரியை நீக்கும். உறை முகவரிகளைத் தனியாகக் கொடுத்துவிட்டால் கடிதத்தைத் தொடாது. மட், எக்ஸிம் இரண்டும் ஒரே கணினியில் சேர்ந்தபோது இருவருமே அடுத்தவர் துடைப்பார் என்று விட்டார்கள். மறைந்திருக்க வேண்டிய பெயர்கள் எல்லாருடைய பெட்டியிலும் போய் விழுந்தன. மட்டின் கையேட்டில், எக்ஸிம் பயன்படுத்துபவர்கள் மறைநகல் வரியை எழுதிக் கொடுக்கும் அமைப்பை அணைத்துவிடுவது நல்லது என்று ஒரு வரி சேர்ந்தது.

இதில் யார் மேல் தவறு? எக்ஸிம் மேல் சொல்ல மனம் வரவில்லை. கடிதத்தைப் பிரிக்காத தபால்காரர்தான் நல்ல தபால்காரர். வில்க்ஸ் பட்டியலிட்ட அஞ்சே ஆட்களை நினைத்தால் இது விளங்கும். ஆனால் நடைமுறையில் வென்றது எதிர்க்கட்சி. டேனியல் பெர்ன்ஸ்டைனின் கியூமெயிலில் கடிதத்தை உள்ளே வாங்கும் நிரல் மறைநகல் வரியை நீக்கியது. வீட்செ வெனெமாவின் போஸ்ட்ஃபிக்ஸும் நீக்குகிறது. துடைக்க மறந்தவர்களைக் காப்பாற்ற, வாசலிலேயே ஒரு துடைப்பம்.

வரியை நீக்கினாலும் வேறு வழிகளில் கசியும். கடிதம் கடந்துவரும் ஒவ்வொரு சர்வரும் தன் முத்திரையாக ஒரு 'ரிசீவ்ட்' வரியைச் சேர்க்கிறது. எந்த முகவரிக்காக வாங்கினேன் என்பதையும் அதில் குறித்துக்கொள்ள இடமுண்டு. ஒரே உறையில் பல பெயர் இருக்கும்போது அதை எழுதினால் மறைநகல் அம்பலமாகும் என்று, தற்போதைய எஸ்எம்டிபி ஆவணமான ஆர்எஃப்சி 5321 எச்சரிக்கிறது.

பூட்டுப் போட்ட கடிதங்களில் நிலைமை இன்னும் மோசம். பிஜிபி முறையில் ஒரு கடிதத்தைப் பலருக்கு மறையாக்கம் செய்யும்போது, யார் யாருடைய சாவியால் திறக்கும் என்ற அடையாள எண்கள் கடிதத்தோடு ஒட்டியே போகும். மறைநகல் பெறுபவரின் சாவி எண்ணும் அதில் இருக்கும். ஸ்டான்ஃபோர்டின் டான் போனேயும் ஆடம் பார்த்தும் இந்த ஓட்டையைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். உள்ளடக்கத்தை ஒளிக்கப் போட்ட பூட்டே பெறுநரைக் காட்டிக்கொடுக்கிறது. சாவி எண்களை மறைத்து அனுப்பும் வசதி, அந்த முறைக்கான மென்பொருளான க்னுபிஜியில் உண்டு. ஆனால் தேடிப்போய் இயக்க வேண்டும்.

இந்தியாவுக்கு மின்னஞ்சல் வந்தது 1980களின் நடுவில். 1986இல் தொடங்கிய எர்னெட் திட்டத்தில் ஐந்து ஐஐடிகள், பெங்களூரின் இந்திய அறிவியல் கழகம், மும்பையின் தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம், டெல்லியின் மின்னணுவியல் துறை ஆகிய எட்டு இடங்கள் இருந்தன. பொதுமக்களுக்கு விஎஸ்என்எல் இணைய இணைப்பைத் திறந்தது 1995 ஆகஸ்ட் 15. அதற்குப் பிறகான பத்தாண்டுகளில் மைசூரின் ஹெப்பால் தொழிற்பேட்டைப் பக்கம் இன்ஃபோசிஸ் வளாகம் எழுந்தது. தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளிலிருந்து வேலைக்குத் தேர்வான பிள்ளைகள் பலருக்கு அலுவலக மின்னஞ்சல் முதன்முதலில் கிடைத்தது மைசூரில்தான். அதே ஊரின் நசர்பாத்தில் அஞ்சல் துறையின் பயிற்சி மையம் இருக்கிறது. அஞ்சலகங்களுக்கான மென்பொருளை எழுதும் துறையின் தொழில்நுட்ப மையமும் மைசூரில்தான் வளர்ந்தது.

இந்தியர்கள் முகவரிக் கசிவைப் பெரிய அளவில் பார்த்தது 2015 ஏப்ரலில். இணைய நடுநிலை குறித்துத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கருத்துக் கேட்டது. பத்து லட்சத்துக்கு மேல் மின்னஞ்சல்கள் குவிந்தன. அவற்றை எழுதியவர்களின் முகவரிகளோடு அப்படியே தன் இணையதளத்தில் போட்டுவிட்டது ஆணையம். இது மறைநகல் கட்டத்தின் பிழையல்ல. ஆனால் முகவரி என்பதே தனிப்பட்ட தகவல் என்ற எண்ணம் அலுவலகங்களுக்கு எவ்வளவு தூரம் என்பதைக் காட்டியது.

கட்டம் மாறிப்போன பிழைக்கு லண்டனில் எடுத்துக்காட்டுகள் உண்டு. அதே ஆண்டு செப்டம்பரில் 56 டீன் ஸ்ட்ரீட் மருத்துவமனை எச்ஐவி தொடர்பான தன் செய்திமடலை 781 பேருக்கு அனுப்பியபோது, முகவரிகளை மறைநகலில் போடாமல் வெளிப்படையாகப் போட்டுவிட்டது. பெரும்பாலான முகவரிகளில் முழுப் பெயர் இருந்தது. அதை நடத்திய அறக்கட்டளைக்கு 1,80,000 பவுண்டு அபராதம். 2021 செப்டம்பரில் பிரிட்டனின் பாதுகாப்பு அமைச்சகம், தாலிபான் ஆட்சியில் சிக்கியிருந்த 245 ஆப்கானியர்களுக்கு ஒரே கடிதத்தை எல்லார் முகவரியும் எல்லாருக்கும் தெரியும்படி அனுப்பியது. அபராதம் 3,50,000 பவுண்டு. இரண்டு சம்பவங்களிலும் மென்பொருள் சொன்னதைத்தான் செய்தது. விரல் ஒரு கட்டம் தள்ளி இறங்கியது, அவ்வளவே. இந்தியாவிலும் 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், காவல் தவறினால் 250 கோடி ரூபாய் வரை தண்டம் என்கிறது.

விரல் சரியான கட்டத்தில் இறங்கினாலும் ஆபத்து ஓயவில்லை. எல்லாப் பிரதியிலும் வரியைத் துடைத்துவிடும் முதல் வழியைக் கையாளும் மென்பொருளில், மறைநகல் பெறுபவருக்குத் தாம் மறைந்திருப்பதே தெரியாமல் போகலாம். நகல் வரிசையில் தம் பெயர் இல்லையே என்று யோசிக்காமல், எல்லாருக்கும் பதில் போட்டுவிடுகிறார். மலார்த்திக் வேலைதான். ஆர்எஃப்சி 5322 தன் பாதுகாப்புக் குறிப்பில் இந்தச் சிக்கலை எடுத்துச் சொல்லிவிட்டுத் தீர்ப்புச் சொல்லாமல் நகர்கிறது. ஜிமெயில் போன்றவை மறைநகல் பெறுபவருக்கு அவர் பெயரை மட்டும் அந்த வரியில் காட்டுகின்றன. துண்டுக் காகிதம் செருகி அடித்த தட்டச்சர் கண்ட வழி இது. மூன்றில் இதுவே நேர்மையானது, பாதுகாப்பானதும்கூட. ஒளிந்திருப்பவருக்குத் தாம் ஒளிந்திருப்பது தெரிய வேண்டும்.

குடியிருப்போர் சங்கம், நோயாளிகள் குழு, பெற்றோர் பட்டியல் என்று நூறு பேருக்கு ஒரே கடிதம் போடுபவர்கள் மறைநகல் கட்டத்தை நம்ப வேண்டாம். ஆளுக்கொரு தனிக் கடிதமாக அனுப்பும் வசதி இப்போது எளிதாகவே கிடைக்கிறது. பிரிட்டனின் தகவல் ஆணையரும் முக்கியமான தகவல்களுக்கு அதையே பரிந்துரைக்கிறார். உங்கள் மென்பொருள் மூன்றில் எந்த வழியில் போகிறது என்று தெரிய வேண்டுமானால், உங்களுடைய இரண்டு முகவரிகளில் ஒன்றைப் பெறுநராகவும் மற்றதை மறைநகலாகவும் போட்டு ஒரு கடிதம் அனுப்புங்கள். வந்து சேர்ந்த இரண்டு பிரதிகளிலும் மூல வடிவத்தைத் திறந்து தலைப்பு வரிகளை மேலிருந்து கீழாகப் படியுங்கள்.